மணிக்கூண்டு ஃப்ரேமுக்குள்ள இருக்கோணும்

பிரவீனாவின் முகம் டவுன் பஸ்ஸின் முதுகில் ஒட்டியிருந்தது. காந்திபுரத்தில் கிளம்பி கணபதி வழியாகப் போகிற பஸ். சிரித்த முகம், தலையில் பட்டமளிப்புத் தொப்பி, பக்கத்தில் 'வெற்றியின் முகவரி' என்று மஞ்சள் எழுத்து, கீழே அட்மிஷனுக்குக் கூப்பிட வேண்டிய நம்பர். அதே பஸ்ஸின் வயிற்றுக்குள் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த அசல் பிரவீனாவிடம் தொப்பியும் இல்லை, வெற்றியும் இல்லை. இரண்டு அரியர் இருந்தது. ஒன்று காஸ்ட் அக்கவுண்டிங், இன்னொன்று வருமான வரி.

இரண்டு முகமும் ஒன்றுதான் என்பதைக் கண்டக்டர் கண்டுபிடித்துவிட்டார். பெண்களுக்கான கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போதெல்லாம், "உள்ளயும் ஓசி, வெளியயும் ஓசிங்களா அம்மணி?" என்பார். பிரவீனா சிரிப்பாள். ஃப்ளெக்ஸில் சிரித்த அதே சிரிப்பு. இரண்டு வருஷம் பழகியதில் அது தானாகவே வந்தது.

அவள் படிக்கும் மருதாசலனார் கலை அறிவியல் கல்லூரி பீளமேட்டைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் இருக்கிறது. தாளாளர், டாக்டர் வெங்கடபதி. டாக்டர் என்றால் ஊசி போடுகிறவர் இல்லை, ஆராய்ச்சி செய்தவரும் இல்லை. உலகப்படத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேட வேண்டிய ஒரு தீவிலிருந்து ஏதோ ஒரு பல்கலைக்கழகம் கூரியரில் அனுப்பிவைத்த பட்டம். கல்லூரிக்கு அப்பா பெயரை வைத்தவர், அது போதாதென்று வளாகத்தின் நடுவில் அதே பெயரில் ஒரு மணிக்கூண்டும் கட்டினார். நாலு பக்கமும் கடிகாரம். ஜெர்மனி இயந்திரம். செயற்கைக்கோளைக் கேட்டுத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளுமாம். "உலகமே தப்பா ஓடுனாலும் எங்கப்பாரு கடியாரம் ஒரு நொடி தப்பாதுங்க" என்பதை அவர் ஆண்டு விழாவில் சொல்வார், பொங்கல் விழாவில் சொல்வார். கணிதப் பேராசிரியர் ஒருவரின் இரங்கல் கூட்டத்தில்கூட, உயிர் பிரிந்த நேரத்தைக் குறிப்பிடும் சாக்கில் சொல்லிவிட்டார்.

அப்படிப்பட்டவருக்கு இன்ஸ்டாகிராம் என்று ஒன்று இருப்பதை யாரோ காட்டிக் கொடுத்தார்கள். குரங்கு கையில் கொள்ளிக்கட்டையைக் கொடுத்த கதைதான். கல்லூரியில் மீடியா கிளப் பிறந்தது. மூன்று கண் வைத்த விலை உயர்ந்த போன் ஒன்று வாங்கி, தாளாளரின் அப்பா படத்துக்குக் கீழே பூட்டி வைக்கப்பட்டது. பொங்கலுக்கு ஒரு ரீல், புதுத் தண்ணீர்த் தொட்டிக்கு ஒரு ரீல், தாளாளர் காரிலிருந்து இறங்குவதற்கு ஒரு ரீல், மறுபடி ஏறுவதற்கு இன்னொன்று. ஆடத் தெரிந்தவர்களையும் சிரிக்கத் தெரிந்தவர்களையும் வகுப்பு வகுப்பாகப் போய்ப் பொறுக்கினார்கள். சிரிப்பதற்கு பிரவீனா. படம் பிடிப்பதற்கு அவள் வகுப்பிலேயே படிக்கும் அஃபான்.

படம் எடுப்பது பகலில்தான். சாயங்காலமானால் கூண்டின்மேல் நிழல் விழுந்துவிடுகிறதாம். வகுப்பு என்னாவது என்றால் அதற்கும் வழி இருந்தது. ஓ.டி. ஆன் டூட்டி. கல்லூரி வேலையாகப் போனால் வகுப்புக்கு வந்ததாகவே கணக்கு. பிரவீனாவுக்கு வருகைப் பதிவு வந்தது, பாடம்தான் வரவில்லை.

தாளாளர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. ஒவ்வொரு முறையும் வெயிலில் தானே வந்து நின்று கத்துவார்:

"தம்பி அஃபான்! யாரு தலை போனாலும் பரவால்ல, மணிக்கூண்டு ஃப்ரேமுக்குள்ள இருக்கோணும்!"

அஃபான் ஒரு தரம்கூடத் தவறவிட்டதில்லை.

இரண்டு வருஷத்தில் கல்லூரிப் பக்கத்தைப் பின்தொடர்வோர் எண்ணிக்கை மேலே போயிற்று. தேர்ச்சி விழுக்காடு கீழே வந்தது. முதலாவதற்குக் காரணம் தாளாளரின் தொலைநோக்கு என்று முதல்வர் மோகன்குமார் உடனே அறிவித்தார். இரண்டாவதற்குக் காரணம் தேட வேண்டியிருந்தது. ரொம்ப நேரம் தேடவில்லை. பிள்ளைகள் கையிலேயே இருந்தது.

'கைப்பேசி அரக்கனை வீழ்த்துவோம்' இயக்கம் அப்படித்தான் தொடங்கியது. வாசலில் பெரிய பேனர். உறுதிமொழி எடுக்க விரும்புவோர் பேனரில் உள்ள சதுரத்தைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்ய வேண்டும்.

*

பிரவீனாவின் அப்பா பாலுசாமிக்குக் கணபதியில் லேத் பட்டறை. பம்ப்செட்டுக்கு உதிரி பாகம் கடைகிறவர். முதல்வர் கூப்பிட்டனுப்பினார் என்றதும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, நாற்காலியின் நுனியில், எந்த நிமிஷமும் எழுந்துவிடுகிறவர் போல உட்கார்ந்தார். பிரவீனா பின்னால் நின்றாள்.

"ஏனுங்க பாலுசாமி, நல்லாப் படிச்சிட்டிருந்த புள்ளை. ரெண்டு பேப்பர் போச்சுங்களே. என்னுங்க காரணம்?" என்றார் மோகன்குமார்.

"போனுங்க."

"அதேதானுங்க! எப்படிங்க கண்டுபுடிச்சீங்க?"

"நீங்கதானுங்க வாட்ஸாப்புல அனுப்பிச்சீங்க."

மோகன்குமார் மேசைமேல் இருந்த காகிதத்தை நகர்த்திவைத்தார். பிறகு விஷயத்துக்கு வந்தார். கடைசிப் பருவத்தில் ஒவ்வொரு மாணவரும் ஒரு ப்ராஜெக்ட் செய்து, வெளியிலிருந்து வரும் தேர்வாளர் முன்னால் பேசிக் காட்ட வேண்டும். அது முடிந்தால்தான் பட்டம். பிரவீனாவுக்குத் தலைப்பைத் தாளாளரே தேர்ந்தெடுத்திருக்கிறார்: 'மாணவர்களின் கல்வித் திறனில் சமூக ஊடகத்தின் விளைவுகள் – கோவை மாநகரைச் சிறப்பாகக் கொண்டு ஓர் ஆய்வு'. இந்த ஒரு ப்ராஜெக்ட் மட்டும் அரங்கத்தில், எல்லாப் பெற்றோர் முன்னாலும், கல்லூரிப் பக்கத்தில் நேரலையாக நடக்கும். முடிவில் பிரவீனா ஒரே ஒரு வரி சொல்ல வேண்டும். கைப்பேசியால் நான் கெட்டேன், என்னைப் பார்த்துத் திருந்துங்கள்.

"ஊருக்கே தெரிஞ்ச முகமுங்க. பஸ்ஸுலயே போகுது. அந்த முகம் சொன்னா நாலு புள்ளைங்க திருந்தும். சொல்லிப்போட்டா இன்டர்னல் மார்க்கு முழுசா நான் பாத்துக்கறனுங்க."

"சொல்லலீன்னாங்க, சார்?" என்றாள் பிரவீனா.

"அடுத்த வருசம் வந்து மறுபடி பண்ணுங்க அம்மணி. நாங்க எங்க போயிரப்போறோம்?" அவ்வளவு மரியாதையாக ஒரு வருஷத்தைப் பிடுங்க அந்த ஊரில்தான் முடியும்.

பாலுசாமி கையெடுத்துக் கும்பிட்டார். புள்ளையைக் கரை சேர்க்கிற பெரிய மனுஷர்கள் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் கையை நீட்டினார்.

"போனைக் குடு கண்ணு."

"அப்பா, நான் பெயிலானதுக்கு..."

"குடுன்னா குடு. இல்லீன்னா லேத்துல மாட்டிக் கடைஞ்சுபோடுவேன்."

வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். பதிலுக்குப் பட்டறையில் கிடந்த பட்டன் போன் ஒன்றைக் கொடுத்தார். பிறகு கட்டிலில் சாய்ந்து, தன் போனை எடுத்து, கைப்பேசியால் கண் கெடும் என்ற செய்தியைக் 'கணபதி உறவுகள்' குழுவுக்கு அனுப்பினார். தொடர்ந்து வேறு ஏதோ வர, அதைப் பார்க்க ஆரம்பித்தார்.

"அப்பனைப் பாரு" என்றாள் அம்மா ராசாத்தாள், வெங்காயம் உரித்தபடி. "சோத்துக்குக் கூப்புட்டாலும் ஃபார்வேர்டு பண்ணுனாத்தான் வருவாரு."

பிரவீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் முதுகில் சிரித்தது போதாதென்று, மேடையேறி அழ வேண்டும். அழுதால் பட்டம். அழாவிட்டால் ஒரு வருஷம். அழுவதும் பெரிதில்லை. அப்பா காலத்துக்கும் நம்புவார், தன் பிள்ளை போனைப் பார்த்தே கெட்டுப்போனாள் என்று. அதுதான் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது.

*

ப்ராஜெக்ட்டுக்கு வழிகாட்டி புவனா மேடம். இருபது வருஷமாக 'கோவை மாநகரைச் சிறப்பாகக் கொண்டு' எழுதிய ஆய்வுகளைத் திருத்தித் திருத்திக் கோவை மாநகரின் மேலேயே ஒரு வெறுப்பு வந்துவிட்டவர். அவர் விழா அழைப்பிதழை மேசையில் தள்ளினார். உள்ளே தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது: 'கைப்பேசியே காரணம் – ஆய்வில் அதிர்ச்சித் தகவல்'.

"முடிவு வந்துருச்சு அம்மணி. நீ ஆய்வை மட்டும் பண்ணிக் குடுத்துரு" என்றார்.

மற்ற மாணவர்கள் கேள்வித்தாளைக் கூகுள் ஃபார்மில் போட்டு வாட்ஸாப்பில் தள்ளிவிடுவார்கள். ஒரே ஆள் பத்துப் பெயரில் நிரப்பித் தருவான், மாலைக்குள் ஆய்வு முடியும். பிரவீனாவுக்குப் போன் இல்லை. காகிதத்தில் அச்சடித்து எடுத்துக்கொண்டு கல்லூரிக்கு எதிரில் இருந்த பேக்கரியில் போய் உட்கார்ந்தாள். டீயும் முட்டை பப்ஸும் வாங்கித் தருவதாக அஃபான் அறிவித்தான். கோயமுத்தூர்ப் பிள்ளைகள் ஆராய்ச்சிக்கு வரமாட்டார்கள், பப்ஸுக்கு வருவார்கள்.

வந்தவர்கள் எழுதியதோடு நிற்கவில்லை. வாய் நிறையப் பேசினார்கள்.

பி.பி.ஏ. படிக்கும் சுரேந்தர், நாளெல்லாம் ரீல்ஸ் பார்ப்பதாக எழுதினான். "கட்டைவிரல் ரேகையே அழிஞ்சுபோச்சுங்க்கா. ரேசன் கடை மெசின்ல விழ மாட்டேங்குது."

"அரியர் எத்தனை?"

"அரியரா? எதுக்குங்க்கா? மார்க்குக் கொஞ்சம் கொறஞ்சுது. கிளாஸ்ல உக்காந்தா எங்க மேடம் போடற சத்தத்துல பாடம் தானா ஏறிரும். போனைப் பாத்தாலும் காது சும்மாதான இருக்குது?"

அடுத்து வந்தவள் மௌனிகா. இரண்டாமாண்டு. நடனக் குழுவில் முதல் வரிசை. நாலு அரியர்.

"எவ்வளவு நேரம் போன் பாப்பே?"

"என்கிட்ட போனே இல்லீங்க்கா. அம்மாது ஒண்ணுதான். அதும் அம்மா மில்லுக்கு எடுத்துட்டுப் போயிரும்."

"அப்புறம் எப்படி நாலு அரியரு?"

மௌனிகா பப்ஸைக் கீழே வைத்தாள். "என்னங்க்கா தெரியாத மாதிரி கேக்கறீங்க? நீங்க எங்க நின்னு சிரிச்சீங்களோ அதுக்குப் பின்னாடிதான நான் ஆடிட்டிருந்தேன்."

பிரவீனா பேனாவை மூடிவிட்டாள்.

அதன் பிறகு அவள் கேட்ட எல்லாருக்கும் ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்டாள். ராவெல்லாம் போனில் கிடந்தவர்களுக்கு மதிப்பெண் சறுக்கியிருந்தது, உண்மைதான். ஆனால் ஒரேயடியாகக் கவிழ்ந்தவர்கள் எல்லாரும் ஒரே இடத்தில் கவிழ்ந்திருந்தார்கள், மணிக்கூண்டுக்கு எதிரில். இது கல்லூரியில் எல்லாருக்கும் தெரியும். மழை பெய்தால் நனையும் என்பது போலத் தெரியும். அதனாலேயே ஒருவரும் வாயைத் திறந்து சொன்னதில்லை.

"சொன்னா யாரு நம்புவா?" என்றான் அஃபான். அவனுக்கும் ஒரு அரியர். உக்கடத்தில் துணிக்கடை வைத்திருக்கும் அவன் அத்தா, படிப்பை விட்டுவிட்டுக் கல்லாவில் உட்காரச் சொல்லிக்கொண்டிருந்தார். "வகுப்பு நேரத்துல எடுக்கலை, சாயங்காலம்தான் எடுத்தோம்னு ஒரே வார்த்தைல முடிச்சிருவாங்க. பெயிலான கழுதைங்க பழி போடுதுன்னுவாங்க."

சொல்லிக்கொண்டே அவன் பழைய ரீல் ஒன்றை ஓட்டினான். பிரவீனா, பட்டுப்பாவாடை, பின்னால் ஆடும் கூட்டம். பிரவீனா தன் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் கண்ணை மேலே தூக்கினாள். மேலே கடிகாரம் இருந்தது.

"நிறுத்து. அதைப் பெருசு பண்ணு."

விரலால் விரித்தான். ஜெர்மனி இயந்திரம், துல்லியமாகப் பதினொன்றே கால்.

"அடுத்தது."

அடுத்ததிலும் கூண்டு. அதற்கடுத்ததிலும் கூண்டு. எவர் தலை வெட்டுப்பட்டிருந்தாலும் கூண்டின் தலை வெட்டுப்படவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் எடுத்த கிழமை உண்டு, தேதி உண்டு, உச்சியில் மணி உண்டு. சாட்சியை நாலு பக்கமும் கண் வைத்து அவர்களே நட்டு, சம்பளமில்லாமல் இவனைக் கொண்டே படமும் எடுக்க வைத்திருக்கிறார்கள்.

அஃபான் டீயைத் துப்பிவிட்டான். "யா அல்லா! 'கூண்டு ஃப்ரேமுக்குள்ள இருக்கோணும்'!"

"இன்னொரு பப்ஸு சொல்லு" என்றாள் பிரவீனா. அவளுக்குப் பசிக்க ஆரம்பித்திருந்தது.

*

புவனா மேடம் அறிக்கையை முழுதாகப் படித்தார். இருபது வருஷத்தில் முதல் தடவை. படித்துவிட்டு ஜன்னல் பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தார். அங்கே கூண்டு தெரிந்தது.

"கடைசி அத்தியாயத்தை இந்தக் காலேஜுல யாரும் படிக்கறதில்ல. எனக்கும் இன்னைக்குக் கண்ணாடி கொண்டுவர மறந்துபோச்சு" என்றார். கண்ணாடி மூக்கில் இருந்தது. கையெழுத்துப் போட்டார். "மரியாதையாப் பேசோணும் அம்மணி. ஒரு வார்த்தை தடிச்சுதுன்னா அதைப் புடிச்சுக்குவாங்க. தலைகால் புரியாத அளவுக்கு மரியாதையாப் பேசு."

அந்த ஒரு பாடத்தை மட்டும் கொங்குநாட்டுப் பிள்ளைக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

*

விழா நாளன்று கூண்டுக்கு மாலை போட்டிருந்தார்கள். அரங்கத்தில் பெற்றோர்கள், மாணவர்கள், முன்வரிசையில் பொன்னாடையோடு வந்த பெரிய மனுஷர்கள். வெளித்தேர்வாளராகப் பல்கலைக்கழகம் அனுப்பியிருந்தவர் டாக்டர் ஜாஹிதா பேகம், வேறு ஊர்க் கல்லூரிப் பேராசிரியர். படித்து வாங்கிய டாக்டர். பூங்கொத்தும் சால்வையும் கொடுத்து உட்காரவைத்தால் கையெழுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார் என்று மோகன்குமார் நினைத்திருந்தார்.

மூன்றாவது வரிசையில் பாலுசாமியும் ராசாத்தாளும். மேடை இருபதடி தூரத்தில் இருந்தது. பாலுசாமி மேடையைப் பார்க்கவில்லை. மகளிடம் பிடுங்கிய போனில் அதே மேடையை நேரலையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கல்லூரியின் மூன்று கண் போனை முக்காலியில் மாட்டி அஃபான் நின்றான்.

வெங்கடபதி முக்கால் மணி நேரம் பேசினார். நடுவே மூன்று முறை அஃபானைப் பார்த்து, "வருதுங்களா தம்பி?" என்று கேட்டுக்கொண்டார். மக்கள் கைப்பேசியை விட்டொழிக்க வேண்டும் என்றும், இந்த நேரலையை எல்லாருக்கும் பகிர வேண்டும் என்றும் ஒரே மூச்சில் வேண்டினார். கடிகாரத்தையும் மறக்கவில்லை. பிறகு பிரவீனாவைக் கூப்பிட்டார்கள்.

அவள் பேச ஆரம்பித்தாள். எத்தனை பேரைக் கேட்டாள், எப்படிக் கேட்டாள், எந்த வகுப்புப் பிள்ளைகள் என்று நிதானமாகச் சொன்னாள். ஜாஹிதா பேகம் பூங்கொத்தைத் தரையில் வைத்துவிட்டுக் குறிப்பெடுக்க ஆரம்பித்தார். அது மோகன்குமாருக்குப் பிடிக்கவில்லை. இடையில் புகுந்தார்.

"நேரமாகுதுங்க அம்மணி. அந்த முக்கியமான வரியைச் சொல்லிருங்க. நீங்க எதனால கெட்டீங்க?"

பாலுசாமி போனைக் கண்ணுக்கு இன்னும் கிட்டே கொண்டுபோனார்.

"சொல்றனுங்க சார்" என்றாள் பிரவீனா. "நான் போன்னாலதானுங்க கெட்டேன்."

வெங்கடபதி முதல் ஆளாகக் கை தட்டினார். கை ஓயும்வரை அவள் பொறுத்திருந்தாள்.

"ஆனா அது என்ற போன் இல்லீங்க. காலேஜ் போனுங்க. அதா, அஃபான் பக்கத்துல நிக்குதுங்களே, அதுதானுங்க."

தட்டிய கைகள் அந்தரத்தில் நின்றன. அரங்கத்தில் ஐந்நூறு தலை திரும்பி அந்த மூன்று கண்ணைப் பார்த்தது. மூன்று கண்ணும் இமைக்காமல் நேரலை அனுப்பிக்கொண்டிருந்தன.

"ராத்திரி போன் பாத்தா மார்க்குக் கொறையுதுங்க. அது நெசந்தானுங்க, நானும் பாத்தவதானுங்க. ஆனா பேப்பரே போனவங்க போனைப் பாத்துப் போகலீங்க, போனுக்கு முன்னாடி நின்னு போனவங்க. பகல்ல, பாட நேரத்துல. இதைக் கண்டுபுடிக்க ஒரே ஒரு கருவிதானுங்க உதவி பண்ணுச்சு. அதைக் குடுத்த ஐயாவுக்கு முதல்ல நன்றி சொல்லிக்கறனுங்க." வெங்கடபதியைப் பார்த்துக் கும்பிட்டாள். "ஐயா அவங்கப்பாரு பேருல கட்டுன மணிக்கூண்டுங்க."

வெங்கடபதிக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மணிக்கூண்டு என்றதும் முகம் தானாக மலர்ந்துவிட்டது. பிரவீனாவுக்குப் பின்னால் இருந்த பெரிய திரையில் பட்டுப்பாவாடை ரீல் வந்து நின்றது.

"ஐயா, கூண்டுல மணி என்னங்க?"

"பதினொண்ணே கால்!" என்றார் தாளாளர், பெருமையாக.

"திங்கக்கெழமை பதினொண்ணே காலுக்கு எங்களுக்குக் காஸ்ட் அக்கவுண்டிங்குங்க. இந்த ரீல்ல நிக்கற எங்க வகுப்புக்காரங்க எல்லாருக்கும் அந்தப் பேப்பர் போச்சுங்க." அடுத்த ரீல். "இதுல என்னங்க மணி?"

தாளாளர் வாயைத் திறந்து, இந்த முறை திறந்தபடியே வைத்துக்கொண்டார். மாணவர்கள் பக்கத்திலிருந்து கோரஸாக மணி வந்தது. அந்த நேரத்துப் பாடத்தின் பேரையும் அவர்களே சொன்னார்கள். மௌனிகா எழுந்து நின்று சொன்னாள். அடுத்தடுத்த ரீலுக்கு பிரவீனா கேட்கவே வேண்டியிருக்கவில்லை.

மோகன்குமார் ஒலிவாங்கியைப் பிடுங்கினார். விசுவாசம் என்பது புத்தியை முந்திக்கொண்டு ஓடக்கூடியது.

"இதை நம்பாதீங்க, இதை நம்பாதீங்க! எடுத்ததெல்லாம் சாயங்காலந்தானுங்க. அந்தக் கடியாரம் சரியா ஓடறதில்லீங்க. எப்பவுமே அது தப்பாத்தான்..."

"யாரு சொன்னது?"

அரங்கமே நடுங்கியது. ஒலிவாங்கி இல்லாமலே வெங்கடபதியின் குரல் கடைசி வரிசைக்குப் போயிற்று.

"யாருய்யா சொன்னது தப்பா ஓடுதுன்னு? எங்கப்பாரு கடியாரமா? ஜெர்மனிய்யா! ஒரு நொடி! ஒரே ஒரு நொடி தப்புன்னு இந்த ஊருல எவனாவது சொல்லட்டும் பாக்கலாம்! அதுல பதினொண்ணே கால்னா பதினொண்ணே கால்தான்!"

"அப்ப வகுப்பு நேரத்துலதான் எடுத்தீங்க. அப்படித்தானுங்களா?" என்று கேட்டார் ஜாஹிதா பேகம், எழுதுவதிலிருந்து தலை நிமிராமல்.

"ஆமாங்கறேன்!" என்றார் வெங்கடபதி.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு எட்டியது. ஜெர்மனி இயந்திரத்தைவிடக் கொஞ்சம் மெதுவாக ஓடுகிற இயந்திரம். ஆனால் அதற்குள் அரங்கம் கிழிந்துவிட்டது. விசில், கைதட்டல், மேசைத் தட்டல். நேரலையில் இதயங்களும் சிரிப்புகளும் கொசுக் கூட்டம் போலக் கிளம்பின. பழைய மாணவர்கள் வெளிநாட்டிலிருந்தெல்லாம் 'நானும் அந்தத் தண்ணித் தொட்டி ரீல்ல இருந்தேன், எனக்கும் ரெண்டு போச்சு' என்று எழுதினார்கள். கல்லூரி ஆரம்பித்த நாளிலிருந்து இத்தனை பேர் எந்த ரீலையும் பார்த்ததில்லை. வெங்கடபதி ஓரக்கண்ணால் எண்ணிக்கையைப் பார்த்தார். அந்த வேதனையிலும் அவருக்கு ஒரு சிறு சந்தோஷம் வந்ததை மறுப்பதற்கில்லை.

ஜாஹிதா பேகம் எழுந்தார். "நான் பாத்த ப்ராஜெக்ட்டுகள்ல முடிவை முன்கூட்டியே அழைப்பிதழ்ல அடிக்காம எழுதினது... மன்னிக்கணும், அடிச்சும் அதுக்குப் பயப்படாம எழுதினது இது ஒண்ணுதான். என் கையில இருக்கற மார்க் முழுசாக் குடுக்கறேன். உள்மதிப்பீடு உங்க கையில. என்ன குடுக்கறீங்கன்னு இப்பவே சொல்லிட்டா, பாக்கறவங்க எல்லாருக்கும் நிம்மதி."

முதல்வர் தாளாளரைப் பார்த்தார். தாளாளர் மூன்று கண்ணைப் பார்த்தார்.

"முழுசா" என்றார்.

"அப்புறம் ஓ.டி. போட்டுக் கூட்டிட்டுப் போன பிள்ளைகளுக்கு விட்டுப்போன பாடத்தை யாரு நடத்துவாங்க?"

வெங்கடபதி பெரிய மனுஷர். பெரிய மனுஷர்கள் விழுவதில்லை. விழுந்த இடத்திலேயே அடிக்கல் நாட்டிவிடுவார்கள். சட்டைக் காலரை நீவிவிட்டு ஒலிவாங்கியை வாங்கினார்.

"அன்பார்ந்த பெற்றோர்களே! இந்த உண்மையை ஒரு மாணவியின் வாயால் வரவழைப்பதற்காகத்தான் இந்த விழாவையே நான் ஏற்பாடு செய்தேன். இன்று முதல் இந்த வளாகத்தில் வகுப்பு நேரத்தில் படப்பிடிப்பு கிடையாது. மீடியா கிளப் மாணவர்களுக்கு அரியர் தேர்வு வரை சிறப்பு வகுப்பு. இலவசம்! இந்தியாவிலேயே முதல்முறையாக!"

கைதட்டல் கூரையைத் தொட்டது. எல்லாரும் பிரவீனாவைப் பார்த்துத் தட்டினார்கள். வெங்கடபதி தனக்கென்று நினைத்து இரு கையையும் தூக்கிக் கும்பிட்டார். இருவருக்கும் மனநிறைவு.

பிரவீனா மேடையிலிருந்து இறங்கியபோது பாலுசாமி நின்றுகொண்டிருந்தார். போனை நீட்டினார்.

"இந்தா கண்ணு. சார்ஜு தீர்ந்துபோச்சு." அவள் கையிலிருந்த அறிக்கையை வாங்கிக்கொண்டார். "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமல்லோ?"

"சொல்ல வந்தனுங்கப்பா. நீங்க ஃபார்வேர்டு பண்ணிட்டிருந்தீங்க."

ராசாத்தாள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு சிரித்தாள். பாலுசாமியும் ஒரு வழியாகச் சிரித்துவிட்டார். அன்று பட்டறைக்குப் போய் லேத்தை நிறுத்தச் சொல்லி, ஆட்களையெல்லாம் கூட்டி, அந்தக் காட்சியை ஓட்டிக் காட்டினார். "பதினொண்ணே கால்னா பதினொண்ணே கால்தான்" என்ற இடம் வரும்போதெல்லாம் தொடையைத் தட்டிக்கொண்டார். 'கணபதி உறவுகள்' குழுவில் முதல்முறையாக ஒரு உண்மைச் செய்தி போயிற்று.

*

சிறப்பு வகுப்பைப் புவனா மேடமே எடுத்தார். கண்ணாடியை மறக்கவில்லை. பிரவீனாவும் அஃபானும் மௌனிகாவும் முன் பெஞ்சில் உட்கார்ந்து, இரண்டு வருஷப் பாடத்தை வெறி பிடித்தவர்கள் போலப் படித்தார்கள். அஃபான் பாடத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட, வராதவர்களும் வீட்டிலிருந்து பார்த்தார்கள். அதற்குத் தாளாளர் அனுமதி யாரும் கேட்கவில்லை.

தேர்வு முடிவு வந்தது, போனில்தான். பிரவீனா பஸ்ஸில் இருந்தாள். இரண்டு பேப்பரும் தேர்ச்சி. காஸ்ட் அக்கவுண்டிங்கில் வகுப்பிலேயே முதல். அஃபானிடமிருந்து வரிசையாக இருபது சிரிப்புப் படங்கள் வந்தன. அவன் அத்தா கடையில் எல்லாருக்கும் சர்பத் வாங்கிக் கொடுத்தாராம். மௌனிகாவுக்கு நாலில் மூன்று முடிந்தது. மிச்சத்தை ஊதித் தள்ளிவிடுவேன் என்று அம்மா போனிலிருந்து செய்தி அனுப்பியிருந்தாள்.

கண்டக்டர் வந்தார். "என்ன அம்மணி, இன்னைக்கு பஸ்ஸுக்குப் பின்னாடி இருக்கறதை விட உள்ள நல்லாச் சிரிக்கறீங்க?"

"அது பழைய சிரிப்புங்கண்ணா" என்றாள் பிரவீனா. "இது நானே சிரிக்கறது."

கல்லூரி ரீல்கள் இப்போதும் வருகின்றன. தாளாளர் இப்போதும் காரிலிருந்து இறங்குகிறார், மறுபடி ஏறுகிறார். வெயில் மட்டும் சாய்ந்துவிட்டது, கூண்டின் மேல் நிழல் விழுந்திருக்கிறது. ஆனாலும் கூண்டு ஃப்ரேமுக்குள் இருக்கிறது. மணி, நாலரை.